முறுக்குக் கம்பெனியில் ஆள் எண்ணிய கதை

ஆடிட் என்பது, அடுத்தவர் அடுக்களைக்குள் அழைப்பில்லாமல் நுழைந்து, உப்பு ஜாடியைத் திறந்து, "ஏன் இவ்வளவு?" என்று கேட்டு, பதில் பிடிக்காவிட்டால் எழுதிக்கொண்டு வருகிற தொழில். மாமியார்கள் இதை இலவசமாகச் செய்கிறார்கள், ஆடிட்டர்கள் பில் போடுகிறார்கள். வேறு வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

வீட்டு வேலைக்கு வரும் அம்மாளிடம் "இந்த மாசம் எத்தனை நாள் வரல?" என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்து, கடைசியில் நீங்கள்தான் அவளுக்குப் பாக்கி என்று முடிந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? அப்படியானால் நீங்கள் என் கட்சி, மேலே படியுங்கள். ஒருத்தியிடம் தோற்ற உங்களுக்கே அப்படி என்றால், பண்டிகைக்குப் பண்டிகை வந்து போகும் ஒரு கம்பெனிப் பெண்களிடம் மொத்தமாகத் தோற்ற எனக்கு எப்படி இருந்திருக்கும்!

சும்மா இருப்பவள்

கல்யாணத்துக்கு முன்னால் மாட்டுங்காவில் ஆடிட்டர் விஸ்வநாதன் ஆபீசில் நான் வேலை பார்த்தேன். கான்வென்டில் சிஸ்டர்கள் எனக்கு இரண்டு விஷயம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: கூட்டுத்தொகைக்குக் கீழே இரட்டைக் கோடு போடு, யாரையும் நம்பாதே. இரண்டாவதை அவர்கள் வாயால் சொல்லவில்லை, நடந்து காட்டினார்கள். ஆடிட்டருக்கு இந்த இரண்டும் போதும். பிறகு கல்யாணம், செம்பூர், பிள்ளைகள், குக்கர். ஆபீசை நான் மறந்துவிட்டேன், ஆபீஸ் என்னை மறக்கவில்லை.

தீபாவளிக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஆடிட்டர் ஃபோன் செய்தார். ஆபீஸ் பையன்கள் இரண்டு பேரும் பரீட்சை லீவில் போய்விட்டார்களாம். தாராவியில் ஒரு முறுக்குக் கம்பெனியின் சம்பளக் கணக்கைப் பார்க்க வேண்டுமாம். ஒரு கையில் கரண்டி, காதுக்கும் தோளுக்கும் நடுவே ஃபோன், அடுப்பில் சாம்பார், வாசலில் சிலிண்டர்காரர், மொபைலின் இன்னொரு மூலையில் மகளின் காலேஜ் ஃபீஸுக்கு வந்த ஓடிபி. இந்த நிலையில் நான் "நேரமில்லை சார்" என்று இழுத்தேன். பாலக்காட்டுக்காரர், குரலில் தேன் குறையாமல் சொன்னார்:

"அதென்ன ஸ்டெல்லா அப்படிச் சொல்றேள், ஆத்துல சும்மாதானே இருக்கேள்?"

பேர் கூடுது, ஆள் கூடலை

பொன்னையா அண்ணாச்சியின் கம்பெனி, எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் பின்வாங்க வேண்டிய சந்தின் கடைசியில் இருக்கிறது. கீழே அடுப்புகள், இரும்பு ஏணியில் ஏறினால் மேலே பேக்கிங். வருஷம் முழுக்க வேலை செய்கிறவர்கள் ஒரு டெம்போவில் அடங்கிவிடுவார்கள். கணபதி பண்டிகைக்கு முன்னால் சீசன் தொடங்கியதும் கதையே வேறு. முறுக்கு, தட்டை, சக்லி, சங்கர்பாளி, கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்கு என்று எண்ணெய் ஆறவே ஆறாது. தாராவியிலிருந்து நடந்தும், ஆண்டாப் ஹில்லிலிருந்து பஸ்ஸிலும், கல்யாணிலிருந்து டிரெயினிலும் ஐம்பது அறுபது பெண்கள் வந்து இறங்குவார்கள். இவர்களைச் சேர்ப்பது, வரவு குறிப்பது, சனிக்கிழமை கவரில் சம்பளம் கொடுப்பது எல்லாம் மெர்சி அக்கா. கம்பெனியில் ஒரே ஒரு அடுப்பு இருந்த காலத்திலிருந்து இருக்கிறாள். டிரைவராக இருந்த கணவருக்கு முதுகு போனபின் அவள் வீட்டில் உலை கொதிப்பது இந்த மேஸ்திரி வேலையால்தான்.

அண்ணாச்சி என்னை உட்கார வைத்து, சூடான தட்டையைத் தட்டில் போட்டு, குரலைத் தாழ்த்தினார். இந்த வருஷம் சீசன் சம்பளம் ஏகத்துக்கு ஏறிவிட்டது. மாவு ஏறவில்லை, எண்ணெய் ஏறவில்லை, சம்பளம் மட்டும் ஏறுகிறது என்றால் வேலைக்கு வராத ஆளின் பேரில் யாரோ கவர் வாங்குகிறார்கள். எங்கள் தொழிலில் இப்படிப்பட்ட ஆளைக் 'கோஸ்ட்' என்போம். தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமைக்குள் நான் பேயைப் பிடித்துத் தரவேண்டும். மெர்சி அக்கா ஏணிக்கு அந்தப் பக்கம் நின்று மாவு சலித்துக்கொண்டிருந்தாள். சல்லடை சத்தம் நின்றுபோனது எனக்குக் கேட்டது, அண்ணாச்சிக்குக் கேட்கவில்லை.

"பேரு கூடுது, ஆளு கூடல மேடம். ஒரே ஒரு பேரு பொய்யின்னு நீங்க சொல்லிட்டாப் போதும், தீவாளிக்கு மெர்சி அவ வீட்ல இருந்து முறுக்குச் சுட்டுக்கிடட்டும்."

முதல் எண்ணிக்கை

ஆள் எண்ணுவதற்குச் சொல்லாமல் போகவேண்டும் என்பது பாடம். சொல்லாமல் போனேன். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கழுத்தில் கண்ணாடிச் சங்கிலி, கையில் ஃபைல், காதோரம் பேனா. வாசலில் நின்று கணீரென்று "குட் மார்னிங்" சொன்னேன். அவ்வளவுதான். அடுப்புகள் எரிந்தன, எண்ணெய் கொதித்தது, முறுக்குகள் தம் பாட்டுக்குச் சிவந்தன, ஆட்களைத்தான் காணோம். பாதிப் பேர் பின்பக்கச் சந்தில் இறங்கிவிட்டார்கள். கொஞ்சம் பேர் ஏணி ஏறி மேலே போய்விட்டார்கள். கனத்த உடம்புக்காரி ஒருத்தி ஏணியின் பாதியில் நின்று, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல், என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எண்ணிப் பார்த்தேன். ஏணிக்காரியைச் சேர்த்து ஒரு கைவிரலுக்குள் அடங்கியது. இந்த நாலைந்து பேருக்கா அவ்வளவு சம்பளம் என்று எனக்குத் தலை சுற்றியது. கருகப்போன முறுக்கை ஓடி வந்து அள்ளிய மெர்சி அக்காவிடம், "எல்லாரும் எங்கே?" என்று சிஸ்டர் பாணியில் கேட்டேன். தாராவியில் ஃபைலோடு வருகிறவர்கள் இரண்டே வகையாம்: இடத்துக்குச் சீல் வைக்க வருகிறவர்கள், இடிக்க வருகிறவர்கள். நான் எந்த வகை என்று தெரியாமல் இரண்டுக்கும் பொதுவாக ஓடியிருக்கிறார்கள்.

"மொறப்பா மொகத்த வச்சிக்கிட்டு பேனாவோட வந்தா ஓடாம என்ன செய்வாவ மேடம்? அடுத்த தடவ கரண்டியோட வாங்க."

இரண்டாவது எண்ணிக்கை

நான் யாருக்கும் கெடுதல் செய்ய வரவில்லை, பெயர் எழுதிக்கொள்ளத்தான் வருகிறேன் என்று எல்லோரிடமும் எடுத்துச் சொல்லச் சொன்னேன். மெர்சி அக்கா சொல்லிவிட்டாள். அது சந்து முழுக்கப் பரவி, ஒவ்வொரு வாசலிலும் கொஞ்சம் ஊதி, நான் போய்ச் சேர்வதற்குள் 'பேர் எழுதினால் மிக்சி கிடைக்கும்' என்று வளர்ந்துவிட்டது. நான் போனபோது வரிசை சந்துக்கு வெளியே நின்றது. பட்டியலில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு ஆட்கள். எல்லோர் கையிலும் ஆதார் ஜெராக்ஸ், சிலர் கையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி குழந்தைக்குத் தனியாக ஒரு மிக்சி உண்டா என்று கேட்டாள்.

"முறுக்குக் கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் மட்டும் நில்லுங்கள்" என்றேன். ஒருவரும் நகரவில்லை. எல்லோருமே வேலை செய்கிறவர்கள்தானாம். "சரி, முறுக்குப் பிழியத் தெரிந்தவர்கள்?" தமிழச்சிகளிடம் கேட்கிற கேள்வியா இது! வரிசை இன்னும் ஒட்டி நின்றது. ஆறு அடி உயரத்தில் மீசையோடு நின்ற ஆளைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இவரையாவது தள்ளிவிடலாம். எதிர்க் கடை டெய்லர், கழுத்தில் டேப்போடு வந்திருந்தார். இது பெண்கள் வரிசை என்று கறாராகச் சொன்னேன்.

"அதனால என்ன மேடம், பேரு எம் பொஞ்சாதி பேரப் போட்டுக்கிடுங்க, மிக்சிய நான் வந்து வாங்கிக்கிடுதேன்."

இன்றைய பார்வதி

மூன்றாவது முறை மெர்சி அக்கா சொன்னபடியே போனேன், அந்த வாரம் முழுக்க. பழைய நைலக்ஸ் புடவை, தலையில் கம்பெனித் தொப்பி. பேக்கிங்கில் உட்கார்ந்து முறுக்கைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டே ஒவ்வொருவராகப் பேச்சுக் கொடுத்தேன். யாரும் ஓடவில்லை, யாரும் மிக்சி கேட்கவில்லை. "உங்க முறுக்கெல்லாம் ஏன் ஒடையுது?" என்று மட்டும் பக்கத்துப் பெண் கேட்டாள். தலை எண்ணிக்கை பட்டியலுக்குக் கிட்டத்தில் வந்தது. நிம்மதியாக இருந்தது, பார்வதியைச் சந்திக்கும் வரை.

திங்கள்கிழமை பார்வதி ஒல்லி. புதன்கிழமை பார்வதி குண்டு. வெள்ளிக்கிழமை பார்வதிக்கு மூக்குத்தி முளைத்து, வயதும் பத்து குறைந்திருந்தது. பிடித்தேன் பேயை என்று தொப்பியைக் கழற்றிவிட்டேன். பேயில்லை, பத்லியாம். மில் காலத்திலிருந்தே பம்பாயில் உள்ள வழக்கம், ஒருத்தர் வராவிட்டால் அவருக்குப் பதிலாக இன்னொருவர். இங்கே அதற்கு மேல் ஒரு படி: அடுப்படியில் கிடைத்த இடம் ஆளுக்குச் சொந்தமில்லை, வீட்டுக்குச் சொந்தம். உடம்புக்கு முடியவில்லை, ஊரில் சாவு, பிள்ளைக்குப் பரீட்சை, எதுவானாலும் வீட்டிலிருந்து ஒருத்தி வந்து இடத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். காலியாக விட்டால் அடுத்த சீசனில் அந்த இடம் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். எந்த உடம்பு வந்தாலும் பேர் பார்வதிதான், கவரும் பார்வதிக்குத்தான். பங்கு பிரிப்பதும், அதற்கான சண்டையும் வீட்டுக்குள்.

"உண்மையான பார்வதி யார்?" என்று மூக்குத்திப் பார்வதியைப் பிடித்துக்கொண்டேன். மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கிண்டர்கார்டன் பிள்ளைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொன்னாள்:

"இன்னைக்கு நான்தான் மேடம். ஒல்லிப் பார்வதி வேணும்னா நாளைக்கு வாங்க, எங்க மதினி வருவாவ."

விட்ட டிரெயின்

பத்லிகளை வீடு வீடாகச் சரிபார்த்தேன். எல்லாம் ரத்தமும் சதையுமான பார்வதிகள். அப்படியானால் சம்பளம் ஏன் ஏறியது? ஓவர்டைமில் கை வைத்தேன். மணிக்கணக்கு இருக்கவேண்டிய இடத்தில் மெர்சி அக்கா 'ரெண்டு டிரெயின்', 'மூணு டிரெயின்' என்று எழுதியிருந்தாள். கம்பெனி ஆரம்பித்த காலத்தில் கல்யாண்காரி ஒருத்தி, "உங்க முறுக்கால எனக்கு ஒரு டிரெயின் போச்சு, அதுக்குக் காசு கொடுங்க" என்று சண்டை போட்டு வாங்கிவிட்டாளாம். அன்றிலிருந்து அதுதான் அளவு. வேலை நேரம் முடிந்து, ஆளை வீட்டுக்கு விடுவதற்குள் சயான் ஸ்டேஷனில் எத்தனை கல்யாண் ஸ்லோ டிரெயின் போய்விட்டதோ அத்தனை ஓவர்டைம். டிரெயினில் போகிறவளுக்கும் அதே அளவு, பஸ்ஸில் போகிறவளுக்கும் அதே அளவு, அடுத்த சந்துக்கு நடந்து போகிறவளுக்கும் அதே அளவு.

இப்போது புரிந்ததா சம்பளம் ஏறிய காரணம்? இந்த வருஷம் ரயில்வே மாலை நேரத்தில் ஓரிரண்டு டிரெயினைக் கூட்டிவிட்டது. அதே நேரம் வேலை, அதே முறுக்கு, ஆனால் விட்ட டிரெயின் அதிகம். ஊருக்கெல்லாம் நல்லது நடந்தால் அண்ணாச்சிக்கு மட்டும் செலவு! ஆடிட்டரிடம் இதை ஃபோனில் விளக்கியபோது, எதிர்முனையில் அவர் மாத்திரை விழுங்கும் சத்தம் கேட்டது. எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. மழையில் தண்டவாளம் முழுகி, டிரெயினே ஓடாத ராத்திரியில் கொட்டக் கொட்ட விழித்து வேலை செய்தார்களே, அதற்கு எவ்வளவு போட்டாய் என்று மெர்சி அக்காவைக் கேட்டேன். அவள் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை.

"அன்னைக்கு ஓவர்டைமே கெடையாது மேடம், விடுததுக்கு டிரெயின் வேணும்லா?"

சண்டை போடாத இருவர்

எல்லாம் நேராகி, கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள்: சொர்ணம், குளோரி. நான் போன எந்த நாளிலும் இவர்கள் இல்லை. பத்லியும் வரவில்லை. விசித்திரம் அதோடு நிற்கவில்லை. மற்றப் பெண்கள் ஒவ்வொருத்தியைப் பற்றியும் இன்னொருத்திக்குச் சொல்ல ஏதாவது இருந்தது. இவள் எண்ணெயை வடிக்க மாட்டாள், அவள் ஃபேனுக்கு நேரே உட்கார்ந்துகொள்வாள், என்று. சொர்ணம், குளோரி பற்றி ஒருத்தியும் ஒரு புகாரும் சொல்லவில்லை. இவர்கள் அட்வான்ஸ் கேட்டதில்லை. டிரெயின் ஒன்றும் விட்டதில்லை. அட்வான்ஸ் கேட்காத, சண்டை போடாத சீசன் ஆளை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? அப்படி ஒரு மனுஷி இருக்கவே முடியாது. பேய்தான்.

எனக்கு வெற்றிக் களிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. கையில் கரண்டியோடு வரச் சொன்னவளின் வேலையை அதே கையால் எடுக்கப்போகிறேன் என்றதும் கையில் எடுத்த தட்டையைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டேன். மெர்சி அக்காவை ஏணிக்கடியில் நிறுத்தி, "இந்த ரெண்டு கவரும் யார் கைக்குப் போகுது?" என்று கேட்டேன். மூச்சு விடாமல் பேசுகிறவள் அன்று ஆளில்லாத முறுக்கு அச்சைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "நீங்க எடுத்தீங்களா?" என்றேன். கண் கலங்கியது, ஆனால் தலை குனியவில்லை.

"எங்கையில ஒரு ரூவா ஒட்டல மேடம். ஆனா அந்த ரெண்டு பேரப் பத்திக் கேக்காதீங்க. சொன்னாலும் என் வேலை போவும், சொல்லாட்டாலும் போவும்."

பேய் போட்ட காப்பி

சனிக்கிழமை வந்தது. அண்ணாச்சி வீடும் செம்பூர்தான், எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரம். இரண்டு பெயரையும் சொல்லிவிட்டு வரவேண்டியதுதான் என்று கிளம்பினேன். லிஃப்ட் இருந்தும் படியேறினேன். போய்ச் சேர எனக்கு அவசரமில்லை. ஜாடையாகச் சொல்லலாமா, மெர்சி அக்காவுக்காக ஒரு வார்த்தை பேசலாமா என்று யோசித்துக்கொண்டே மூன்றாவது மாடிக்குப் போனால், வாசலிலேயே மிளகாய் நெடி மூக்கில் ஏறியது. தும்மிக்கொண்டே உள்ளே போனேன். ஹாலில் சோபா தெரியவில்லை, மசாலா பாக்கெட்தான் தெரிந்தது. அடுக்களையில், வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டு, அண்டா அளவு வாணலியில் மல்லி வறுத்துக்கொண்டிருந்தாள் அண்ணாச்சியின் மனைவி செல்லக்கனி. ஒரு ஃபோன் தோளில், இன்னொன்று ஜன்னலில். இரண்டிலும் கடைக்காரர்கள் ஆர்டர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனியின் மசாலா முறுக்குக்கு ஊரெல்லாம் பேர் வாங்கிக் கொடுத்த மசாலா இங்கேதான் தயாராகிறது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். எந்தக் கணக்கிலும் நான் பார்க்காத செய்தி. "உக்காருங்க மேடம், அவ்வொ குளிக்காவ" என்றாள். பாக்கெட்டை நகர்த்தி உட்கார்ந்தேன். அவள் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள்: "ஏட்டி சொர்ணம், மேடத்துக்கு ஒரு காப்பி போடு!" நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சொர்ணம் என்ற பேர் ஊரில் ஒன்றா இரண்டா என்று மனதைத் தேற்றினேன். அடுத்த குரல் பால்கனிப் பக்கம் போனது: "குளோரி, துணிய எடுத்து உள்ள போடுட்டி, மொளகாப் பொடி பறக்கு!"

இத்தனை நாளாக நான் தாராவியில் தேடிய பேய், ஈரக் கையைத் துடைத்தபடி, நுரை பொங்கும் காப்பியோடு என் எதிரே வந்து நின்றது. நல்ல திடமான பேய். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டது:

"சீனி போதுமா மேடம்?"

அடுப்பை அணைத்த செல்லக்கனி

அண்ணாச்சி தோளில் துண்டோடு வந்தார். "ரெண்டு பேரு ஒதைக்குதுன்னு ஆடிட்டர் ஃபோன்ல சொன்னாரு. எங்க மேடம் அந்த ரெண்டு களவாணியும்?" என்றார். "ஒருத்தி இப்பத்தான் காப்பி கொடுத்தா. இன்னொருத்தி துணி மடிக்கிறா" என்றேன். அவருக்குப் புரிய நேரம் பிடித்தது. புரிந்ததும் துண்டு கீழே விழுந்தது. "வீட்டு வேலக்காரிக்குக் கம்பெனிச் சம்பளமா?"

செல்லக்கனி கரண்டியோடு வந்து நின்றாள். மறைக்கவே இல்லை. "ஆமா, நாந்தான் மெர்சிட்டச் சொல்லி எழுதச் சொன்னேன். அவ மாட்டேன்னுதான் சொன்னா. எழுதாட்டா இந்த வருசம் மசாலா வராதுன்னேன். ஆடிக்கு அப்புறம் கிறிஸ்துமஸ் வரைக்கும் நான் அடுப்ப விட்டு எந்திரிக்க முடியல, சமைக்க ஒரு ஆளு, துவைக்க ஒரு ஆளு வைங்கன்னு ஒங்ககிட்ட எத்தன தடவ கேட்டேன்? என்ன சொன்னீய? மேடம் முன்னாடி சொல்லுங்க."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், மசாலாவைப் பார்த்தார், வேறு எதுவும் தோன்றாமல் பழைய பதிலையே எடுத்தார். "வீட்ல சும்மா இருக்கவளுக்கு ரெண்டு ஆளான்னு கேட்டேன். அதுல என்ன தப்பு?" செல்லக்கனி உள்ளே போனாள், கேஸை அணைத்தாள், முகத்துத் துணியை அவிழ்த்து மடித்து வைத்தாள், வந்து மசாலா பாக்கெட்டுகளுக்கு நடுவே எனக்கு ஜோடியாக உட்கார்ந்தாள். "சரி. இனிமே சும்மா இருக்கேன்." ஃபோன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. இன்னொரு ஃபோன் அடித்தது. தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை, வாணலியில் பாதி வறுத்த மல்லி. அண்ணாச்சியின் நெற்றியில் குளித்த ஈரம் போய் வேறு ஈரம் வந்தது. குளோரி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "அக்கா, மல்லி கருகுது" என்றாள். செல்லக்கனி, "அவ்வொகிட்டச் சொல்லு" என்றாள்.

அண்ணாச்சி இறங்கி வந்தார். வேறு வழி? இருவரும் சேர்ந்து என் முகத்தைப் பார்த்தார்கள். காப்பியை வைத்துவிட்டு என் தீர்ப்பைச் சொன்னேன். சொர்ணமும் குளோரியும் முறுக்குக் கம்பெனி ஆட்கள் இல்லை, பட்டியலிலிருந்து எடுக்கவேண்டும். அந்த இடத்தில், முதல் பேராக, மசாலா மேஸ்திரி செல்லக்கனி என்று எழுதி, அவளுக்கு உரிய சம்பளம் போடவேண்டும். அவள் யாரை வைத்துச் சோறு வடித்தாலும் அது அவள் பாடு. மெர்சி அக்கா இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும். அண்ணாச்சி கடைசி ஒன்றில் மட்டும் பிடித்துக்கொண்டார். "எல்லாஞ் சரி, இவ்வளவு நாளும் மெர்சி ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" கேஸைத் திரும்பப் பற்றவைத்தபடியே செல்லக்கனி சொன்னாள்:

"நீங்க இல்லாட்டா கம்பெனி ரெண்டு நாளு ஓடும், மசாலா இல்லாட்டா ஓடாதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

புதிய மேஸ்திரியின் ஓவர்டைம்

செய்தி சொல்லத் தாராவிக்கு நானே போனேன். மெர்சி அக்கா முதலில் அழுதாள், பிறகு என் கையில் சூடான அச்சுமுறுக்கைத் திணித்தாள், பிறகு பேனாவை எடுத்தாள். பட்டியலில் செல்லக்கனி பெயரை எழுதிக்கொண்டே போனவள் ஓவர்டைம் இடத்தில் நின்றுவிட்டாள். வீட்டிலேயே வேலை, வீட்டிலேயே இருப்பு. இவருக்கு எந்த டிரெயினைக் கணக்குப் போடுவது? "அவங்க எங்கேயும் போகவேண்டியதில்லையே, டிரெயின் எதுவும் விடலையே" என்றேன் நான், ஆடிட்டர் தோரணையில். மெர்சி அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"ஒண்ணுலயும் ஏறவே இல்லையே மேடம், எல்லா டிரெயினும் விட்டதுதான."

என் கவர்

மாட்டுங்காவில் ஆடிட்டர் என் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார். கூட்டுத்தொகைக்குக் கீழே இரட்டைக் கோடு இருக்கிறதா என்று பார்த்தார், இருந்தது. "பலே" என்றார். உள்ளே போய், புதிதாக அரைத்த காப்பிப் பொடி ஒரு பாக்கெட் கொண்டுவந்து, கோயில் பிரசாதம்போல் இரண்டு கையாலும் கொடுத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவரும் நின்றுகொண்டிருந்தார். வேறு ஒன்றும் வருவதாகத் தெரியவில்லை. கடைசியில் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "உங்களுக்குப் போய் ஃபீஸா, ஆத்து மனுஷி மாதிரி" என்றார்.

வீட்டுக்கு வந்து அந்தப் பொடியிலேயே காப்பி போட்டுக் குடித்தேன், நன்றாகத்தான் இருந்தது. குடித்த கையோடு பில் எழுதினேன். தாராவிக்குப் போன நாள், பேக்கிங்கில் உட்கார்ந்த நாள், படியேறிய மாடி. ஓவர்டைமைத் தனியாக ஒரு வரியில். கீழே இரட்டைக் கோடு போட்டு அப்போதே அனுப்பிவிட்டேன். மறுநாள் காலையில், சாம்பார் கொதிக்கும் அதே நேரம் பார்த்து, ஆடிட்டர் ஃபோன் வந்தது. குரலில் தேன் கொஞ்சம் குறைந்திருந்தது.

"மத்ததெல்லாம் குடுத்துடறேன் ஸ்டெல்லா, இதென்ன, ஓவர்டைம்னு போட்டு கல்யாணத்துலேர்ந்து இன்னிவரைக்கும் விட்ட டிரெயின்னு எழுதியிருக்கேள்?"

ஆகையால், வீட்டில் சும்மா இருக்கும் சகோதரிகளே, இவ்வளவு ஆள் எண்ணியதில் நான் கண்டது ஒன்றுதான்: பட்டியலில் பேர் இருந்து ஆள் இல்லாவிட்டால் ஊரே தேடுகிறது, ஆள் இருந்து பேர் இல்லாவிட்டால் காப்பி கேட்கிறது.